பழைய சான்றிதழா, புதிய சான்றிதழா? பணம் கட்டும் முன் படியுங்கள்!

வேளச்சேரி விஜயநகர் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு சந்து. மாடிப்படி முழுக்கச் செருப்புகள். மேலே கணினிப் பயிற்சி மையம். வரவேற்பு மேசைக்கு முன்னால் ஓர் அப்பாவும் மகனும் உட்கார்ந்திருக்கிறார்கள். மகன் மடியில் பி.எஸ்சி. மார்க் ஷீட் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். அப்பா சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரிக்கிறார். தெரிந்தவர் யாரோ எழுதிக் கொடுத்த மூன்று பெயர்கள்: சிசிஎன்ஏ, ஏடபிள்யூஎஸ், ஜென் ஏஐ.

“இதுல இப்போ எது மேடம் ஓடுது?”

“சிசிஎன்ஏ எல்லாம் பழசு சார். இப்போ எல்லாமே ஏஐதான். தம்பி ஏஐ எடுத்தா நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ் இருக்கு. ஃபீஸ் 65 ஆயிரம். இன்னைக்கே சேர்ந்தா பத்து குறையும். இஎம்ஐ-யும் போட்டுக்கலாம்.”

“வேலை வாங்கிக் கொடுத்துடுவீங்கல்ல?”

“அசிஸ்டன்ஸ் கொடுப்போம் சார்.”

அப்பா மகனைப் பார்க்கிறார். மகன் சுவரில் ஒட்டியிருக்கும் ‘வேலை கிடைத்த மாணவர்கள்’ பேனரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வேளச்சேரியில், தி.நகரில், கோவை காந்திபுரத்தில், ஹைதராபாத் அமீர்பேட்டில் தினம் தினம் நடக்கும் உரையாடல்தான் இது. இப்போது இதில் பதற்றம் கூடியிருக்கிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை, அந்த நிதியாண்டில் குறைக்கப்போவதாக அறிவித்தது. வேலையில் இருப்பவருக்கும் பயம். வேலை தேடுபவருக்கும் பயம். பயம் இருக்கும் இடத்தில் சான்றிதழ் நன்றாக விற்கும்.

பழையதைப் படிப்பதா, புதியதைப் படிப்பதா? சான்றிதழ் எந்த ஆண்டில் பிறந்தது என்பதை வைத்து அதன் மதிப்பைத் தீர்மானிப்பது தவறு. பார்க்க வேண்டியவை இரண்டு. அது சோதிப்பது அடிப்படையையா, ஒரு நிறுவனத்தின் சரக்குப் பெயரையா? தேர்வில் கை வேலை செய்ததா, நினைவாற்றல் மட்டும்தான் வேலை செய்ததா? இந்த இரண்டு கேள்விகளைப் போட்டுச் சலித்தால், 25 ஆண்டுப் பழைய சான்றிதழ் கம்பீரமாக நிற்பதையும், பிறந்து இரண்டே ஆண்டுகளில் ஒரு புதிய சான்றிதழ் காணாமல் போனதையும் பார்க்க முடிகிறது.

வந்த ராஜாக்கள், போன ராஜாக்கள்

1990-களின் முதல் பாதியில் அலுவலகக் கணினிகளை இணைத்த மென்பொருள் என்றால் நோவெல் நிறுவனத்தின் நெட்வேர்தான். அதன் சிஎன்இ சான்றிதழ் வைத்திருந்தவர்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் என்டி வந்ததும் நெட்வேர் சரிந்தது. சிஎன்இ-யும் கூடவே போனது.

அடுத்து மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்இ. ஒய்2கே காலத்தில் அதற்கு இருந்த மவுசைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கேள்வி-பதிலை உருப்போட்டுத் தேறியவர்கள் பெருகியதில், ‘பேப்பர் எம்சிஎஸ்இ’ என்ற வசைப்பெயரே உலகம் முழுக்கப் பரவியது. 2001-ல் என்டி 4.0 தேர்வுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அந்தச் சான்றிதழே ஆண்டு இறுதியில் செல்லாது என்று முதலில் சொல்லி, எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கியது. பிற்பாடு விரிவாக்கத்தை மாற்றி அதே எம்சிஎஸ்இ பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2021 ஜனவரி 31-ல் அதற்கும் கதவை மூடினார்கள்.

ஜாவா அலையில் நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து எழுதிய எஸ்சிஜேபி-யின் கதியும் அதுதான். 2010-ல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது, பெயர் போனது. ஆனால் ஜாவா போகவில்லை. எஸ்சிஜேபி-க்காக ஒழுங்காகப் படித்தவருக்கு இன்றும் ஜாவா சோறு போடுகிறது. பெயரை மட்டும் வாங்கியவர் நிலை வேறு.

> பிறப்பும் இறப்பும்
>
> சிசிஐஇ (சிஸ்கோ நெட்வொர்க்): 1993-ல் பிறந்தது. இன்றும் உண்டு.
> சிஐஎஸ்எஸ்பி (கணினிப் பாதுகாப்பு): 1994. இன்றும் உண்டு.
> சிசிஎன்ஏ (சிஸ்கோ நெட்வொர்க்): 1998. இன்றும் உண்டு.
> ஆர்ஹெச்சிஇ (ரெட் ஹேட் லினக்ஸ்): 1999. இன்றும் உண்டு.
> ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்: 2013. இன்றும் உண்டு.
> ஏடபிள்யூஎஸ் அலெக்ஸா ஸ்கில் பில்டர்: 2019-ல் பிறந்து 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.
> கூகுளின் டென்சர்ஃப்ளோ டெவலப்பர்: 2020-ல் பிறந்து 2024 மே மாதம் மூடப்பட்டது.

புதியது முதலில் சாகிறது

மேலே உள்ள பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஏஐ படிக்க வேண்டும் என்று 2020-லேயே சரியாகக் கணித்த ஒருவர் டென்சர்ஃப்ளோ சான்றிதழ் எழுதியிருப்பார். கணிப்பில் பிழையே இல்லை. ஏஐ உலகையே புரட்டிப்போட்டது. ஆனால் ஆராய்ச்சியாளர்களும் நிறுவனங்களும் போட்டிக் கருவியான பைடார்ச் பக்கம் சாய்ந்தார்கள். நான்கே ஆண்டுகளில் அந்தத் தேர்வு மூடப்பட்டது. துறையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் கருவியில் அடி வாங்க முடியும் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் இல்லை.

பத்தாண்டுகளுக்கு முன்பு ‘பிக் டேட்டா’ அலை அடித்தது. ஹடூப் தெரியாதவருக்கு எதிர்காலமே இல்லை என்றார்கள். ஹடூப்பை விற்ற மூன்று பெரிய நிறுவனங்களில் ஹார்டன்வொர்க்ஸ் 2019 ஜனவரியில் கிளவுடெராவோடு இணைந்து மறைந்தது. மேப்ஆர் அதே ஆண்டு நொடித்து, ஹெச்பிஇ நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் பெயரில் வாங்கிய சான்றிதழ்கள் பரணுக்குப் போயின. அதே காலத்தில் எஸ்க்யூஎல் படித்தவர்? அந்த மொழி 1970-களில் பிறந்தது. இன்றைக்கும் தரவு தொடர்பான எந்த நேர்காணலிலும் முதல் சுற்றில் அதைத்தான் கேட்கிறார்கள்.

மறுபக்கம், நிலைத்து நின்ற பழையவை பழையபடியே இருக்கவில்லை. 2019-ல் ஆர்ஹெச்சிஇ தேர்வை ரெட் ஹேட் தலைகீழாக மாற்றி, ஆன்சிபிள் என்ற கருவியைக் கொண்டு தானியங்கி முறையில் சர்வர்களை நிர்வகிக்கும் தேர்வாக ஆக்கியது. சிஸ்கோ 2020 பிப்ரவரி 24-ல் பல கிளைகளாக இருந்த சிசிஎன்ஏ-வை ஒரே தேர்வாக இணைத்தது. அந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதல், நெட்வொர்க் நிர்வாகத்தில் ஏஐ, இயந்திரக் கற்றல் என்ற பகுதி இருக்கிறது. ‘பழசு’ என்று வரவேற்பு மேசையில் ஒதுக்கப்பட்ட சிசிஎன்ஏ இதுதான்!

இன்னும் ஒன்று. நிரல் எழுதி நெட்வொர்க்கை இயக்கும் புதிய தலைமுறைக்காக, 2020-ல் ‘டெவ்நெட்’ என்று புத்தம் புதிய சான்றிதழ் வரிசை ஒன்றை சிஸ்கோ கொண்டுவந்தது. 2026 பிப்ரவரி முதல் அதன் தொடக்கநிலைச் சான்றிதழின் பெயர் ‘சிசிஎன்ஏ ஆட்டோமேஷன்’. சந்தையில் மதிப்புள்ள பெயர் எது என்பது அதை உருவாக்கிய நிறுவனத்துக்கே தெரிந்திருக்கிறது.

62-ஆ, 59-ஆ?

அடிப்படை என்றால் என்ன என்று தொட்டுக் காட்டினால்தான் புரியும். சிசிஎன்ஏ படிக்கும் எல்லோரையும் முதல் மாதத்தில் மிரட்டும் கணக்கு சப்நெட்டிங். ஒரு நெட்வொர்க்கை /26 என்ற அளவில் வெட்டினால் 64 முகவரிகள் வரும். முதல் முகவரி அந்தத் துண்டுக்கே அடையாளமாகப் போய்விடும். கடைசி முகவரி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்ப. மிச்சம் 62 கருவிகளை இணைக்கலாம். 1998-லும் இதே கணக்கு, இன்றும் இதே கணக்கு.

இப்போது அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் பக்கம் வாருங்கள். கிளவுடில் ‘விபிசி’ என்ற சொந்த நெட்வொர்க்கை அமைத்து அதே /26 துண்டைப் போட்டால், 62 கிடைக்காது, 59-தான் கிடைக்கும். முதல் முகவரியும் கடைசி முகவரியும் போக, ரவுட்டருக்கு ஒன்று, டிஎன்எஸ்-க்கு ஒன்று, எதிர்காலத் தேவைக்கு ஒன்று என்று இன்னும் மூன்றை ஏடபிள்யூஎஸ் தனக்கென எடுத்து வைத்துக்கொள்கிறது. அனுமதிக்கப்பட்ட மிகச் சிறிய துண்டு /28. அதில் 16-க்கு 11 மட்டுமே மிஞ்சும். தீபாவளித் தள்ளுபடி விற்பனை இரவில் கூட்டம் பெருகி, சர்வர்கள் தாமாகவே ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டு போகும் ஒரு கடைத் தளத்துக்கு இந்த /28-ஐ ஒதுக்கியிருந்தால், பன்னிரண்டாவது சர்வருக்கு முகவரி இருக்காது. தளம் திணறும்.

சிசிஎன்ஏ படித்தவர் இதை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். அவருக்குப் புதிதாகத் தெரிய வேண்டியது ‘ஐந்து’ என்ற எண் ஒன்றுதான். ஏடபிள்யூஎஸ் மட்டும் படித்தவர் ‘59’ என்று மனப்பாடம் செய்திருப்பார். கேள்வியை /25 என்று மாற்றிக் கேட்டால் தடுமாறுவார். பழைய படிப்பு புதிய படிப்புக்குப் போட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பழையதன் மேல்தான் புதியது உட்கார்ந்திருக்கிறது.

உலகம் நின்ற இரண்டு நாட்கள்

2025 அக்டோபர் 20. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஏடபிள்யூஎஸ் மையங்களில் கோளாறு. ஸ்னாப்சாட், சிக்னல் உட்பட எத்தனையோ சேவைகள் மணிக்கணக்கில் தடுமாறின. காரணம் தேடிப் போனால், டைனமோடிபி என்ற தரவுத்தளத்தின் டிஎன்எஸ் பதிவு வெறுமையாகிப் போயிருந்தது. ஒரே பதிவை இரண்டு தானியங்கிச் செயல்கள் முந்திக்கொண்டு மாற்றப் போனதில் வந்த வினை. டிஎன்எஸ், பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும், 1983-ல் உருவான தொழில்நுட்பம். உலகின் மிகப் பெரிய கிளவுடைச் சாய்த்தது அதில் நேர்ந்த பிழைதான்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான புதுப்பிப்பால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் உறைந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எப்படிச் சரிசெய்தார்கள்? பெரும்பாலான கணினிகளில் ஓர் ஆள் நேரில் போய், ‘சேஃப் மோட்’-ல் இயக்கி, ஒரு ஃபோல்டருக்குள் நுழைந்து, ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடி எடுத்துத் தட்ட வேண்டும். 1993-ல் வந்த ஏ பிளஸ் சான்றிதழின் பாடம் இந்த ரகம்தான். டெஸ்க்டாப் சப்போர்ட் வேலைதானே என்று இளக்காரமாகப் பேசப்படுபவர்கள்தான் அன்று விமானங்களைப் பறக்க வைத்தார்கள். இதை எழுதும்போது அவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

சான்றிதழ் யாருக்குத் தேவை?

பயிற்சி மையங்களில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட், ஏடபிள்யூஎஸ், சிஸ்கோ மூன்றுமே தங்கள் சேவையை விற்றுத்தரும் கூட்டாளி நிறுவனங்களுக்குப் படிநிலைகள் வைத்திருக்கின்றன. மேல் படிக்குப் போக, இன்ன சான்றிதழ் பெற்றவர்கள் இத்தனை பேர் ஊழியர்களாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டெண்டர்களிலும் இதே எண்ணிக்கையைக் கேட்பார்கள். ஆகவே சான்றிதழ் ஊழியருக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு கம்பெனிக்கும் தேவை.

இதன் விளைவு நேரடியாக உங்கள் பர்ஸைத் தொடுகிறது. கம்பெனிக்குத் தேவையான கிளவுட் சான்றிதழ்களுக்குப் பெரும்பாலும் கம்பெனியே வவுச்சர் தரும். படிக்க நேரமும் ஒதுக்கும். வேலையில் இருப்பவர் ஹெச்ஆரிடமோ மேலாளரிடமோ ஒரு வார்த்தை கேட்காமல் கைக்காசைப் போடுவது வீண். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு இது இன்னும் முக்கியம். அடுத்து வரப்போகும் புராஜெக்ட்டுக்கு எந்தச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்று விசாரித்து அதை எழுதியவர், யூடியூபில் பார்த்ததை எழுதியவரைவிட முதலில் பெஞ்சைவிட்டு எழுந்திருப்பார்.

யூடியூப் என்றதும் ஓர் எச்சரிக்கை. ‘செக்யூரிட்டி பிளஸ் எழுதினால் வேலை நிச்சயம்’ என்று அமெரிக்கர்கள் போடும் வீடியோவை நம் பிள்ளைகள் நம்புகிறார்கள். அங்கே அதில் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005-ல் கொண்டுவந்த 8570 என்ற விதியின்படி, அதன் கணினிப் பாதுகாப்புப் பணிகளில் இருப்பவர்கள் குறிப்பிட்ட சான்றிதழ்களை வைத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது அதன் இடத்தில் 8140 இருக்கிறது. செக்யூரிட்டி பிளஸின் மவுசுக்கு அந்த விதி பெரிய காரணம். சென்னையில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. படிப்பு நல்ல படிப்புதான். ஆனால் அந்த மவுசு விமானம் ஏறி இங்கே வராது. அதே சமயம் துபாய், தோஹா, ரியாத் வேலை விளம்பரங்களைப் புரட்டினால் சிசிஎன்ஏ, சிசிஎன்பி என்ற பெயர்கள் இன்றும் கண்ணில் படும். வளைகுடா போக நினைக்கும் நெட்வொர்க் பையனுக்கு ‘பழசு’தான் டிக்கெட்.

> கட்டணமும் ஆயுளும்
>
> சிசிஎன்ஏ: 300 டாலர், 18 சதவீத வரியோடு ரூபாயில் 30 ஆயிரத்தை ஒட்டி வரும். 120 நிமிடத் தேர்வு. 3 ஆண்டு செல்லும்.
> ஏடபிள்யூஎஸ்: பிராக்டிஷனர் 100 டாலர், அசோசியேட் 150 டாலர். 3 ஆண்டு. ஒன்றில் தேறினால் அடுத்த தேர்வுக்குப் பாதிக் கட்டணச் சலுகை.
> மைக்ரோசாஃப்ட்: பணிவாரிச் சான்றிதழ்கள் ஓராண்டு, ஆன்லைனில் இலவசமாகப் புதுப்பிக்கலாம். ஃபண்டமென்டல்ஸ் வகைக்குக் காலாவதி இல்லை.
> சிகேஏ (குபர்னெட்டிஸ்): 2 மணி நேரச் செய்முறைத் தேர்வு. 2024 ஏப்ரல் முதல் ஆயுள் 3-லிருந்து 2 ஆண்டாகக் குறைந்தது. தவறினால் ஒருமுறை இலவச மறுவாய்ப்பு.
> சிஐஎஸ்எஸ்பி: முழுச் சான்றிதழ் பெற 5 ஆண்டு அனுபவம் வேண்டும். கல்லூரி முடித்தவுடன் ‘சிஐஎஸ்எஸ்பி ஆகலாம்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

டம்ப்ஸ் என்னும் நஞ்சு

தேர்வில் வரும் கேள்விகளை அப்படியே பதிலோடு விற்கும் ‘டம்ப்ஸ்’ பற்றித் தெரியாதவர் துறையில் இல்லை. ‘பாஸ் கேரண்டி’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது. உங்களுக்குப் பதில் வேறொருவர் தேர்வு எழுதித் தருவதாகக்கூடப் பேரம் பேசுகிறார்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்து; மீண்டும் எழுதவே தடை விழலாம். பிடிபடாமல் போனால்? நேர்காணல் இருக்கிறது. ஸ்கிரீனைப் பகிரச் சொல்லி, “ஒரு சப்நெட் போட்டுக் காட்டுங்க” என்பார்கள். ரெஸ்யூமேயில் ஐந்து சான்றிதழ் இருந்து, முதல் கட்டளையைத் தட்டவே விரல் தயங்கினால், அந்த ஐந்தும் சேர்ந்து உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ஒன்றுகூட இல்லாத பையனுக்கு இந்த அவமானம் கிடையாது.

டம்ப்ஸால் பாதிக்கப்படுபவர், ராப்பகலாக உட்கார்ந்து நேர்மையாகப் படித்தவர்தான். அவருடைய சான்றிதழையும் சேர்த்துத்தான் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். எம்சிஎஸ்இ-யின் மானத்தை வாங்கியது இதுதான். இன்றைய கிளவுட், ஏஐ அடிப்படைச் சான்றிதழ்களுக்கும் இதே ஆபத்து கண்ணெதிரே நிற்கிறது.

கை பேசும் தேர்வுகள்

இதற்கு மாற்று, செய்து காட்டச் சொல்லும் தேர்வுகள். ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ-வை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையே அதில் இல்லை. ஒரு நிஜ லினக்ஸ் கணினியைக் கொடுத்துவிடுகிறார்கள். பயனர்களை உருவாக்க வேண்டும், வட்டைப் பிரிக்க வேண்டும், ரூட் கடவுச்சொல் தெரியாத கணினிக்குள் நுழைந்து அதை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை: நீங்கள் செய்த ஏற்பாடுகள் அத்தனையும், கணினியை அணைத்துத் திரும்ப இயக்கினாலும் அப்படியே நிற்க வேண்டும். வட்டுகளின் பெயர்களை எழுதும் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் ஒரு எழுத்து பிசகினால், கணினி எழுந்திருக்காமலே போகலாம். மூன்று மணி நேர உழைப்பும் அதோடு போச்சு. டேட்டா சென்டரில் நள்ளிரவு இரண்டு மணிக்கு நடப்பதும் இதேதான். அதனால்தான் இதில் தேறியவரை நேர்காணலில் நம்புகிறார்கள்.

புதியவற்றில் சிகேஏ அதே ரகம். திரையில் ஒரு டெர்மினல், உடைந்து கிடக்கும் கிளஸ்டர், இரண்டு மணி நேரம். குபர்னெட்டிஸின் அதிகாரபூர்வ ஆவணத்தைப் பார்த்துக்கொள்ள அனுமதி உண்டு. பார்த்துவிட்டும் தடுமாறுபவர்கள் நிறையப் பேர். ஒன்று 1990-களின் மரபில் வந்தது. இன்னொன்று 2017-ல் வந்தது. இரண்டுக்கும் ஒரே மதிப்பு கொடுப்பேன்.

ஏஐ சான்றிதழ்கள்?

ஏஐ படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் இப்போது கூவி விற்கப்படும் ஏஐ சான்றிதழ்களில் பெரும்பாலானவை அறிமுக நிலையில் இருப்பவை. மைக்ரோசாஃப்டின் ஏஐ-900, 2024-ல் வந்த ஏடபிள்யூஎஸ் ஏஐ பிராக்டிஷனர், கூகுள் கிளவுடின் ஜெனரேட்டிவ் ஏஐ லீடர் எல்லாமே கலைச்சொற்களையும், அந்தந்த நிறுவனத்தின் சேவைப் பெயர்களையும் கேட்கும் தேர்வுகள். விற்பனையில் இருப்பவருக்கும், மேலாளருக்கும், வேறு துறையிலிருந்து வருபவருக்கும் நல்ல தொடக்கம். ‘ஏஐ இன்ஜினீயர்’ வேலைக்கு அதுவே தகுதி என்று யாராவது 65 ஆயிரம் ரூபாய் வாங்கினால், அது ஏமாற்று.

சேவைப் பெயர்கள் எத்தனை வேகத்தில் மாறுகின்றன என்றும் பாருங்கள். கூகுளின் பார்ட், 2024 பிப்ரவரியில் ஜெமினி ஆனது. மைக்ரோசாஃப்டின் அஸூர் ஏஐ ஸ்டூடியோ அதே ஆண்டு நவம்பரில் ஏஐ ஃபவுண்டரி ஆனது. பெயர்களை உருப்போட்டவர் ஒவ்வோர் ஆண்டும் பணம் கட்டிப் புதிதாக உருப்போட வேண்டியதுதான். பைத்தான், புள்ளியியல், எஸ்க்யூஎல் மூன்றையும் கையில் வைத்திருப்பவருக்குப் பெயர் மாற்றம் ஒரு மாலை நேர வேலை.

நாற்பதைத் தாண்டியவர்கள்

என்டி 4.0 காலத்தில் எம்சிஎஸ்இ எழுதியவர்களுக்கு இன்று 50 வயதை ஒட்டி இருக்கும். “என் சான்றிதழெல்லாம் செத்துப்போச்சு” என்ற மனக்குறையோடு பலர் இருக்கிறார்கள். சாகவில்லை. விண்டோஸ் 2000-ல் வந்த ஆக்டிவ் டைரக்டரியை நிர்வகித்தவர், இன்று என்ட்ரா ஐடி என்று பெயர் மாறியிருக்கும் கிளவுட் சேவையைப் பார்த்தால் பாதி அறிமுகமானவர்தான். யார் எந்தக் கதவைத் திறக்கலாம் என்ற அதே சிந்தனை, அதே குழுக்கள், அதே உரிமைகள். இவருக்கு நான் சொல்வது: பழைய சான்றிதழ்களை ஆண்டு போட்டு ரெஸ்யூமேயில் ஒரே வரியில் எழுதுங்கள்; மேலே அஸூர் நிர்வாகத்துக்கான ஏஇசட்-104 போன்ற ஒரே ஒரு புதிய சான்றிதழைச் சேருங்கள். 20 ஆண்டு அனுபவத்தோடு அது சேரும்போது, ஃப்ரெஷர் வைத்திருக்கும் அதே காகிதத்தைவிடப் பல மடங்கு பேசும். பழையதும் புதியதும் சேர்ந்து அதிகப் பலன் தருவது இவர்களுக்குத்தான்.

குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டுத் திரும்பும் பெண்களுக்கும் கிட்டத்தட்ட இதே வழி. முன்பு செய்த வேலை எதுவோ, அதன் இன்றைய வடிவத்தில் ஒரு சான்றிதழ். டெஸ்டிங்கில் இருந்தவர் ஆட்டோமேஷன் டெஸ்டிங்குக்கு வரலாம். தரவுத்தளத்தில் இருந்தவர் கிளவுட் தரவுத்தளத்துக்கு வரலாம். ரெஸ்யூமேயில் விழுந்த இடைவெளியைப் பற்றிக் கேட்கும்போது, கடந்த ஆறு மாதத்தில் வாங்கிய சான்றிதழ் நல்ல பதில். பத்தாண்டுப் பழைய அனுபவத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, சம்பந்தமே இல்லாத ஏஐ வகுப்பில் ஃப்ரெஷராகப் போய் உட்கார வேண்டிய அவசியம் இல்லை.

அப்படியானால் என்னதான் செய்வது?

கல்லூரி முடித்தவருக்கு என் பரிந்துரை வெளிப்படையானது. முதல் சான்றிதழ் அடிப்படையில் இருக்கட்டும். நெட்வொர்க் பிடிக்கும் என்றால் சிசிஎன்ஏ, சர்வர் பிடிக்கும் என்றால் ஆர்ஹெச்சிஎஸ்ஏ. அதை வைத்துக்கொண்டு வேலை தேடத் தொடங்கிவிடுங்கள். இரண்டாவது சான்றிதழ் கிளவுடில். முடிந்தால் அதைக் கம்பெனிச் செலவில் எழுதுங்கள். மூன்றாவது, நான்காவது என்று அடுக்கிக்கொண்டே போவதைவிட, கிட்ஹப்பில் நீங்களே கட்டியெழுப்பிய ஒரு சிறு புராஜெக்ட் மேலானது. நிரல் எழுதும் வேலைக்குப் போகிறவருக்கு, என் பார்வையில், சான்றிதழே அவ்வளவு முக்கியமில்லை. அங்கே கோடிங் சுற்றுதான் எல்லாம்.

படிக்கப் பணம் இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி 1997 முதல் கல்லூரிகள் வழியாகப் பாடம் நடத்துகிறது; அதன் பாக்கெட் ட்ரேசர் மென்பொருளில் ரவுட்டரே வாங்காமல் ரவுட்டரை இயக்கிப் பழகலாம், இலவசமாக. மைக்ரோசாஃப்ட் லேர்ன் இலவசம். ஏடபிள்யூஎஸ் ஸ்கில் பில்டரில் அடிப்படைப் பாடங்கள் இலவசம். ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களைக் கேட்பதற்குக் கட்டணமே இல்லை. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் வகுப்புகள் இருக்கின்றன. உங்கள் கல்லூரியில் எந்தெந்தப் பாடம் வருகிறது என்று பிளேஸ்மென்ட் அலுவலரிடம் கேட்டே ஆக வேண்டும்.

நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். வேலை விளம்பரத்தில் ஆறு சான்றிதழ்களை வரிசையாக எழுதிவிட்டு ‘ஃப்ரெஷர்’ என்று போடாதீர்கள். அந்த ஆறு பெயர்களையும் பார்த்துத்தான் யாரோ ஓர் அப்பா வட்டிக்கு வாங்குகிறார். அரை மணி நேரச் செய்முறைச் சோதனை ஒன்றை நீங்களே வைத்தால் இந்தக் கடன்களில் பாதி தேவைப்படாது.

பெற்றோர்களே, பயிற்சி மையத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் முதலில் நான்கு கேள்வி கேளுங்கள். பாடம் நடத்துபவர் இப்போது எந்த வேலையில் இருக்கிறார்? லேப் எத்தனை மணி நேரம், எந்தக் கணினியில்? தேர்வுக் கட்டணம் இதில் சேர்த்தியா? பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் தருவீர்களா? ‘பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’ என்றால் வேலை உத்தரவாதம் என்று பொருள் இல்லை. பதில் வாயில் மட்டும் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இஎம்ஐ போட்டு முதல் நாளிலேயே கையெழுத்திடாதீர்கள். இரண்டு மாதம் பிள்ளை இலவசப் பாடங்களில் உட்காரட்டும். அதன் பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால், தேர்வுக் கட்டணத்தை மட்டும் தயங்காமல் கட்டுங்கள்.